மாணிக்கவேல் காரை வைத்துச் செய்த சத்தியம்

மாணிக்கவேலுக்குப் பெருமை என்று இருந்தவை இரண்டே. ஒன்று, அவருடைய பழைய வெள்ளைக் கார். இன்னொன்று, எந்த வண்டி நின்றாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் அவருடைய காது. ஆரணிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களை அந்தக் காரில் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். யாராவது வண்டி கிளம்பவில்லை என்று வந்து நின்றால், "மொதல்ல பேட்டரியப் பாருப்பா, அப்பறம் மத்ததெல்லாம்" என்று இலவசமாக உபதேசம் செய்வார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அந்தக் காரே கிளம்பவில்லை. படவேடு கோயிலுக்குப் போக அவர் மனைவி சாவித்திரி புதுப்புடவை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

"பேஜாராயிடுச்சி எனக்கு. இத்த பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைங்க" என்றாள்.

தெருவே வேடிக்கை பார்த்ததில் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மத்தியானத்துக்குள்ள கெளம்பலன்னா நானே போட்டுடறேன். அம்மன் மேல சத்தியம்!"

காது சொன்ன பேச்சைக் கேட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினார். அதில் ஒன்றுமில்லை. திரும்ப மாட்டிவிட்டு டீசல் பைப்பை ஊதினார். வாயெல்லாம் டீசல்.

"பேட்டரியப் பாக்கலாமே அண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மா.

"நேத்துதான் என் கையால கழட்டித் தொடச்சி மாட்டினேன். அதுல இன்னா இருக்கப் போவுது?" என்று சீறினார்.

மத்தியானம் நெருங்கியதும் சாவித்திரி பழைய இரும்புக்கடை அன்பழகனுக்குப் போன் போட்டுவிட்டாள். காயலான் கடைக்காரர் கண் முதலில் போவது பேட்டரி மேல்தான். ஒயரைக் கழற்றிய அன்பழகன் சிரித்துவிட்டான். இரண்டு முனையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து ஓடாகியிருந்தது.

"இன்னாண்ணே, பொட்டு வெச்சி அதுமேல ஒயர மாட்டிகினு இருக்கீங்க? கரண்டு எப்படிப் போவும்?"

சுரண்டித் துடைத்து மாட்டியதும் கார் கிளம்பிவிட்டது. மாணிக்கவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. டீசல் கண்ணில் பட்டுவிட்டது என்றார். யாரும் நம்பவில்லை.

போகும் வழியில் சாவித்திரி மெதுவாக ஆரம்பித்தாள். "ஸ்டீரிங்குக்கு வெச்சீங்க, டயருக்கு வெச்சீங்க, பேட்டரிக்குக் கூட வெச்சீங்க. எனக்கு ஒரு பொட்டு வெச்சி எத்தினி வருசமாச்சி?"

படவேட்டில் கும்பிட்டு முடித்து, குங்குமத்தை வாங்கிக்கொண்டு பழக்கதோஷத்தில் காரைப் பார்த்து நடந்தார். பாதியில் நின்றார். திரும்பி வந்து, அவள் நெற்றியில் அப்பினார்.

"கொஞ்சமா வைங்க," என்றாள் சாவித்திரி. "அப்பறம் நானும் கெளம்ப மாட்டேன்."