மண் ஒத்துக்கொள்ளவில்லை

நாகசுந்தரம் சார் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவருடைய மயூர் விஹார் குடியிருப்பின் காவலாளி. "பாபுஜி நஹீ ரஹே" என்றார். அடுத்த மூச்சில், துக்கத்துக்கு வருகிறவர்கள் வண்டிகளைப் பின்வாசல் பக்கம் நிறுத்தினால் நல்லது என்றார். சார் இருந்திருந்தால் இரண்டாவது வாக்கியத்தைப் பாராட்டியிருப்பார். பாரம் எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே யோசிக்கிறவர்கள் தில்லியில் குறைவு என்பது அவர் எண்ணம்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் தொழிலை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலைத் தடுக்கக் கரையில் கட்டும் கற்சுவர், அடியில் களிமண் இருந்தால், தன் எடையாலேயே ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். எவ்வளவு இறங்கும், எத்தனை காலத்தில் இறங்கும் என்று கடலே இல்லாத தில்லியில் உட்கார்ந்து கணக்கிட்டுச் சொல்வது அவர் பணி. அவர் சொன்னதைக் கோப்பில் வைத்து மேலே அனுப்புவது என் பணி.

"மணல் பாரம் வச்ச அன்னைக்கே கணக்க முடிச்சிரும். களி நம்ம டிபார்ட்மெண்ட் மாதிரி வே. ஒண்ணும் சொல்லாது. நீரு ரிட்டயர் ஆன பெறவுதான் பதில் எழுதும்" என்பார். தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் அவர் பேச்சில் திருநெல்வேலி ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் முன்னால் சுவர் கட்டும் திட்டம் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் சுவர் முழங்கால் உயரம் இறங்கும், ஆகவே இப்போதே அந்த அளவு உயர்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அலை குப்பத்துக்குள் வரும் என்று எழுதினார். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே சொல். மறுப்பதாக எழுதினால் பின்னால் யாராவது படித்துவிடுவார்கள். நேரில் பேசினால் காற்றோடு போகும். தலைநகரத்தின் நிர்வாகம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது.

சார் போனார், பேசினார். திரும்பி வந்து அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதினார்: 'பேசினேன். மண் ஒத்துக்கொள்ளவில்லை.'

அடுத்த முறை கோப்போடு நானும் போனேன். மேலதிகாரி தேநீர் வரவழைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "பச்சீஸ் சால்? தப் ஆப் கஹா, ஹம் கஹா!" என்றார். இருபத்தைந்து ஆண்டா, அப்போது நீங்கள் எங்கே, நாங்கள் எங்கே என்பது நியாயமான கேள்விதான். "தீவார் கே பீச்சே லோக் ரஹேங்கே, சார்" என்றார் நாகசுந்தரம். சுவருக்குப் பின்னால் ஆட்கள் இருப்பார்கள். அவர் தேநீரைத் தொடவில்லை. உயரமும் கிடைக்கவில்லை.

நாற்காலிக்குத் திரும்பியதும், "ஒசரம் தர மாட்டாங்க. அகலம் கேட்டுப் பாப்போம்" என்றார். அடித்தளம் அகலமாக இருந்தால் பிற்காலத்தில் குப்பத்து வீடுகளைத் தொடாமலே சுவரை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் இந்தக் காரணத்தை எழுதினால் மறுபடியும் 'பேசவும்' வரும். ஆகவே, உயரதிகாரிகள் பார்வையிட வரும்போது சுவரின் மேலேயே ஜீப் போக வசதியாகப் பாதை அமைக்கலாம் என்று எழுதினார். ஒரே வாரத்தில் ஒப்புதல் வந்தது. கடலுக்குத் தராத கல்லை ஜீப்புக்குத் தந்தார்கள். கூடவே, சுவரின் அடியில் இரும்புத் தகடுகள் பதித்து, குழாய்களை மேலே நீட்டி, சுவர் இறங்குவதை ஆண்டுதோறும் அளக்கவும் சம்மதம் வாங்கினார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த அளவுகளைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குறித்த காலத்தில் பாதிகூட ஆகவில்லை, சுவர் முழங்கால் உயரம் இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் அலை குப்பத்துக்குள் வந்தது. அன்று நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "சொன்னது பலிச்சிட்டுன்னு இருக்காம, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க, பாருங்க" என்றார் அவர் மனைவி.

"எங்க பலிச்சுது? தப்பால்லா போச்சு" என்றார் சார். "இருவத்தஞ்சு வருசம்னேன். நானும் அந்தக் களிய நம்பிட்டேன் வே."

குப்பத்தை அகற்றுவதா, சுவரை உயர்த்துவதா என்று ஒரு குழு ஆராய்ந்தது. அடித்தளம் தேவைக்கு மேல் அகலமாக இருப்பதை வியப்போடு கண்டுபிடித்து, உயர்த்தலாம் என்றது. குப்பம் தப்பியது. அந்த அகலம் எப்படி வந்தது என்று குழு யாரையும் கேட்கவில்லை.

உயர்த்திய சுவரின் புகைப்படத்தைப் போன குளிர்காலத்தில் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுவரை அவர் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்த கூரைகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். பிறகு கேட்டார்: "மேல கல்ல ஏத்தியிருக்கானே, பாரம் கூடியாச்சு. இன்னும் எறங்கும். பழைய குழாயெல்லாம் கல்லுக்கு அடியில போயிருக்கும். புதுசாத் தகடு வச்சிருக்கானா?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். துறையில் விசாரித்தேன். நேரில் வாருங்கள், பேசலாம் என்றார்கள். போனேன், பேசினேன். பதில் வரவில்லை. அதற்குள் காவலாளி அழைத்துவிட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். இதைப் படிப்பவர்களில் இன்னும் பணியில் இருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் அதை எழுத்திலேயே கேட்கிறேன்: தகடு வைத்தாகிவிட்டதா? பதிலையும் எழுதியே அனுப்புங்கள்.