லேமினேஷன் போட்ட வேலைவாய்ப்பு அட்டை

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்த வாரமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. செய்யூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி, கூடப் படித்த நண்பனோடு செங்கல்பட்டுக்குப் போனேன். இருவருக்கும் ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் அட்டை கிடைத்தது. அங்கே தொழில்நெறி வழிகாட்டும் பிரிவு என்று ஓர் அறையும் இருந்தது. அதெல்லாம் பெரிய படிப்புக்காரர்களுக்கு என்று நானாகவே முடிவுகட்டி, எட்டிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

என் பெயரில் வந்த முதல் அரசாங்க அட்டை அதுதான். சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டுகிற அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஈரக்கையோடு யாரையும் அட்டையைத் தொட விடமாட்டார். அடுத்த முறை புதுப்பட்டினம் போனபோது, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டி லேமினேஷன் செய்துகொண்டு வந்தார்.

"இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. சீனியாரிட்டி அதுபாட்டுக்கு ஏறிக்கினே போவும். ஒருநாளு கவருமென்ட்டே கூப்புடும் பாரு."

அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போனது. நான் செங்கல்பட்டில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன்.

ஏழு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் அந்த நண்பன் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், இன்டர்வியூ கார்டு வந்துக்கீது. ஃபிட்டர் போஸ்ட்டு. உனுக்கும் வந்துருக்குமே?"

"வரலியே."

"இன்னாடா சொல்ற? ரெண்டு பேருக்கும் ஒரே சீனியாரிட்டிடா!"

மறுநாளே அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அப்பாவும் கூட வந்தார். தபால்காரர்தான் தொலைத்திருப்பார் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவன் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா அண்ணாத்த, ஓட்டல் மெனு மாதிரி பளபளன்னு கீது!"

அப்பாவுக்கு அது பாராட்டாகவே பட்டது. "ஏழு வருசமா அப்படியே கீதுப்பா," என்றார்.

எழுத்தர் அட்டையை வாங்கித் திருப்பினார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"தம்பி, ரினீவல் எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மூணு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும். அதுக்குத்தான் பின்னாடி கட்டம் போட்டிருக்கு. மேல பிளாஸ்டிக் ஒட்டிட்டா நாங்க எங்கப்பா எழுதறது? சலுகைக் காலமும் முடிஞ்சுபோச்சு. உங்க பதிவு எப்பவோ ரத்தாயிடுச்சு."

ஏழு வருடமாக ஒரு வரிசையில் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டிருக்கிறேன் என்றல்லவா நம்பியிருந்தேன். அந்த வரிசையில் நான் இல்லவே இல்லை. பட்டறையில் கை வெட்டுப்பட்ட நாட்களிலெல்லாம் 'இன்னும் கொஞ்ச காலம்தான்' என்று சொல்லிக்கொண்டது எதை வைத்து?

அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டார். "சார், தப்பு என்னுது சார். நான்தான் ஒட்டிக்கினு வந்தேன். அவன் பேரை எடுத்துடாதீங்க."

"எடுக்கறதுக்குப் பேரே இல்ல பெரியவரே. இன்னைக்குப் புதுசா பதிஞ்சுக்கலாம். ஆனா சீனியாரிட்டி இன்னையிலேர்ந்துதான்."

வெளியே வந்ததும் அப்பா அட்டையை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல இன்னா எழுதிக்கீது? படி."

பிளாஸ்டிக்குக்கு அடியில் எழுத்துகள் கொஞ்சமும் அழியாமல் இருந்தன. தமிழில்தான் அச்சடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. படித்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற விதி ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

"அவ்ளோதானாடா?" என்றார் அப்பா.

புது விண்ணப்பம் வாங்க நின்றவர்களுக்குக் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.