இரண்டு மொழிக்கும் ஒரே மௌனம்

நெஸ்டாவுக்கு எரிச்சல்படுவதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பான் அவள் கணவன் கெரைன்ட். அதில் பாதிதான் உண்மை. சம்பளம் இல்லாத நாட்களிலும் அவள் அதே வேலையைத்தான் பார்த்தாள். அடக்கத்துக்குப் போனால், ஜெபத்துக்கு முன்பு போதகரின் இடது கையில் இருந்த கண்ணாடி எப்போது வலது கைக்குப் போனது என்று யோசிப்பாள். கல்யாண வீட்டில் கேக்கின் எந்தப் பக்கம் முதலில் வெட்டப்பட்டது என்பதில் அவளுக்குக் கருத்து உண்டு. இப்படிப்பட்டவள் வீட்டில் மட்டும் தன் சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடினாள்.

வேல்ஸில் அபெரிஸ்ட்வித் பக்கம் எடுக்கப்படும் ஒரு துப்பறியும் தொடரில் அவளுக்குக் கன்டின்யூட்டி பார்க்கும் வேலை, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. முன்பு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். "வேலை ஒண்ணும் மாறலை. அங்கேயும் மூக்கைத் துடைச்சியா, பட்டன் போட்டியான்னுதான் கேட்டேன், இங்கேயும் அதேதான். அந்தப் பிள்ளைங்க கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்டுச்சு" என்பாள்.

மற்ற இடங்களில் இந்த வேலை ஒரு மடங்கு தலைவலி என்றால் இங்கே இரண்டு மடங்கு. எந்தக் காட்சியானாலும் முதலில் வெல்ஷ் மொழியில் எடுப்பார்கள். முடிந்த கையோடு அதே ஆட்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு முறை அழுவார்கள். பேச்சில்லாத ஷாட்டுகளை மட்டும் ஒரே தடவை எடுத்து இரண்டு பதிப்புக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆகவே வெல்ஷில் இருந்தது இங்கிலீஷில் இருக்க வேண்டும், இரண்டிலும் இருந்தது மௌனத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று சொல்வது நெஸ்டா. இயக்குநர் ரோட்ரி "கட்" சொன்னதும் நடிகர்களைப் பார்க்கமாட்டான், அவளைத்தான் பார்ப்பான். அவள் தலையசைத்தால்தான் மூச்சு விடுவான். அவர்கள் சேர்ந்து வேலை பார்த்த காலம், ரோட்ரியின் இரண்டு கல்யாணங்களையும் கூட்டினால் வருவதைவிட நீளம்.

இப்போது அந்த நீளத்துக்கு ஒரு முடிவு தெரிய ஆரம்பித்திருந்தது. இங்கிலாந்திலிருந்து, பிரிஸ்டலிலிருந்து வந்த தயாரிப்பாளர் பிலிப்பா, அடுத்த சீசனுக்கு ஒரு இளைஞனைக் கொண்டுவரலாம் என்று அடிக்கடி சொன்னாள். அவனிடம் ஒரு மென்பொருள் இருந்ததாம், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளுமாம். அவனுக்கு வெல்ஷ் தெரியாது. பிலிப்பாவுக்கும் தெரியாது, வந்த நாள் முதல் கற்றுக்கொண்டிருந்தாள், காலை வணக்கம் வரை வந்திருந்தாள். நெஸ்டாவை வீட்டுக்கு அனுப்ப அவளுக்கு ஒரு தவறு தேவைப்பட்டது. நெஸ்டா கொடுக்கவில்லை.

தொடரில் இன்ஸ்பெக்டராக நடிப்பவள் ஹெலெத், அவளுடைய சார்ஜென்டாக நடிப்பவர் இட்ரிஸ். ஆறு சீசனாக இந்த இன்ஸ்பெக்டரும் சார்ஜென்ட்டும் மழைக்குள் நிறுத்திய காரில் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறார்கள். ஒரு முறைகூட முத்தமிட்டதில்லை. முத்தமிட்டிருந்தால் ஜனங்கள் இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். இந்த சீசனின் கடைசியில் சார்ஜென்ட் ஆத்திரத்தில் ஒருவனைக் கல்குவாரிப் படிகளில் தள்ளிவிடுகிறார். அவன் பிழைத்துக்கொள்கிறான், இனி நடக்கமாட்டான். பார்த்தவள் இன்ஸ்பெக்டர் மட்டும். முடிவுக் காட்சியில் அவள் வீட்டுச் சமையலறையில் இருவரும் எதிரெதிரே உட்கார, "நாளைக்கு நான் பார்த்ததைச் சொல்லிடுவேன்" என்று அவள் சொல்ல வேண்டும்.

ஹெலெத்துக்கு அந்த வசனம் பிடிக்கவில்லை. மேக்கப் வேனில் ஒரு வாரமாக அதே பேச்சு.

"நான் இந்த ஊர்ல நடமாட வேண்டாமா? போன வருஷம் தொடர்ல இன்ஸ்பெக்டர் அவ அம்மாவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல விட்டாளே, என்ன ஆச்சு தெரியும்ல? கடையில காய் எடுத்துட்டு நிக்கிறேன், ஒரு பெரியவர் வந்து, 'உங்கம்மாவை எனக்கு நல்லாத் தெரியும், இப்படியா பண்ணுவே?'ங்கிறார். எங்கம்மா பக்கத்து வரிசையில பிஸ்கட் பார்த்துட்டு நிக்கிறாங்க!"

"அதுக்காக?" என்றாள் நெஸ்டா.

"இப்போ சார்ஜென்ட்டைக் காட்டிக் கொடுத்தா என்னை சர்ச் பக்கமே விடமாட்டாங்க. கால் தடுக்கி விழுந்துட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"விழுந்தவனுக்குக் காலே போச்சு. ஒரு வார்த்தையாம்!"

"இத்தனை வருஷம் கூடவே இருந்த மனுஷன், நெஸ்டா."

"இருக்கட்டுமே. பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்றதுக்கு எதுக்குடி இத்தனை பஞ்சாயத்து?"

"உங்களுக்கு யார் மேலேயாவது பாசம்னு ஒண்ணு வந்திருக்கா?"

பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு பவுடர் போட்டுக்கொண்டிருந்த இட்ரிஸ், "தள்ளினவன் நான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை.

படப்பிடிப்பு ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில். பிப்ரவரி மாதம், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தை நம்பித்தான் எல்லாம். முதலில் வெல்ஷில் எடுத்தார்கள். ஹெலெத் வசனத்தை எழுதியபடியே சொன்னாள், மிகவும் மென்மையாக, மன்னிப்புக் கேட்பவள் போல. பிறகு தேநீர். நெஸ்டா அவளிடம் போய், "எதுக்கு இப்படிக் கெஞ்சறே? தப்புப் பண்ணினது அவன்" என்றாள். ஹெலெத் பதில் சொன்னாள். நெஸ்டா பதிலுக்குப் பதில் சொன்னாள். நியாயத்தைப் பற்றி அவள் அவ்வளவு நன்றாக அதற்கு முன் பேசியதில்லை. பேசி முடித்தபோது கேமரா தயாராகியிருந்தது. இங்கிலீஷில் எடுத்தார்கள். அதுவும் அதே கெஞ்சல்தான்.

அப்புறம் பேச்சில்லாத ஷாட். எழுதியிருந்தது இவ்வளவுதான்: சார்ஜென்ட் எழுந்து போகிறார். ஆனால் இட்ரிஸ் எழுந்ததும் ஹெலெத்தும் எழுந்தாள். நாற்காலி முதுகில் தொங்கிய அவருடைய ஈரக் கோட்டை எடுத்தாள், அவருக்கு மாட்டிவிட்டாள், கழுத்துவரை ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இட்ரிஸ் அழுதார், அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுக்காரி, சமையலறையை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்க வந்தவள், வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"கட்." ரோட்ரி நெஸ்டாவைப் பார்த்தான்.

நெஸ்டா தலையசைக்கவில்லை. வெல்ஷில் எடுத்தபோது இட்ரிஸ் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், குளிர் தாங்காமல். தேநீர் வேளையில் யாரோ அடுப்பை மூட்ட, கழற்றி நாற்காலியில் போட்டிருக்கிறார். இங்கிலீஷ் டேக்கில் கோட்டு நாற்காலியில். வெல்ஷ் பதிப்பில், உடம்பில் இருக்கும் கோட்டை ஹெலெத் எடுத்து மாட்டிவிட முடியாது. கழற்றிய நேரத்தில் பார்த்திருக்க வேண்டியவள் நியாயம் பேசிக்கொண்டிருந்தாள்.

ரோட்ரியை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். கேட்டுக்கொண்டே ஒரு சிகரெட்டைத் தலைகீழாகப் பற்றவைத்தான்.

"சரி, வெல்ஷை மறுபடி எடுத்துடலாம். ஒரு தடவைக்கு வெளிச்சம் இருக்கு. பிலிப்பா கேட்டா, கோட்டைக் கழட்டச் சொன்னது நான்தான்னு சொல்லிடறேன். டீ குடிக்கறப்ப தோணுச்சுன்னு. என்னை யார் கேட்கப் போறா?"

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

"ஏன்னா? அவ இதுக்குத்தானே காத்திட்டிருக்கா! நீ பேசாம நில்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

நெஸ்டாவுக்கு ஒரு கணம் அது மிகவும் வசதியாகத்தான் இருந்தது. வேலையும் தப்பும், பேரும் தப்பும், ரோட்ரியும் சந்தோஷப்படுவான். செலவு ஒரு பொய், அதுவும் அடுத்தவன் சொல்வது. அந்த வசதியை நினைத்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வாரமா அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன கத்திட்டிருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"அது நாடகம், நெஸ்டா. இது நீ."

"போடா" என்றாள். நேராக உள்ளே போய் பிலிப்பாவிடம் சொன்னாள்.

உண்மையைச் சொல்வது எளிது, நம்பவைப்பதுதான் கஷ்டம் என்பது அப்போது தெரிந்தது. பின்னாலேயே வந்த ரோட்ரி, "இல்லை, கழட்டச் சொன்னது நான்" என்றான். இட்ரிஸ், "யாரும் சொல்லலைங்க, நானே நெஸ்டாகிட்டச் சொல்லிட்டுத்தான் கழட்டினேன்" என்றார். இதனால் அவளுக்கு லாபமா நஷ்டமா என்று அவரே யோசித்துப் பார்க்கவில்லை. பிலிப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஹெலெத்தைக் கேளுங்க" என்றாள் நெஸ்டா. "அந்த நேரத்துல நான் அவகூடத்தான் பேசிட்டிருந்தேன். வேலையைப் பார்க்கலை."

ஹெலெத் கூரையைப் பார்த்தாள். "நாம பேசினோமா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"பேசலை? என்னைப் பார்த்து, கல் நெஞ்சுன்னு சொல்லலை நீ?"

"சேச்சே. உங்களைப் போய் அப்படிச் சொல்வேனா?"

"கடவுளே," என்று நெஸ்டா தலையில் அடித்துக்கொண்டாள், "இந்த வீட்டுல ஒருத்தர்கூட உண்மை பேசமாட்டீங்களா? என் தப்பை என்கிட்ட கொடுத்துட்டுப் போங்களேன்! நான் பார்க்கலை. பார்த்திருக்கணும், பார்க்கலை. அவ்வளவுதான்!"

இவ்வளவு கோபமாகச் சொல்லப்படுவது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று பிலிப்பாவுக்குப் பட்டது. "சரி" என்றாள். "முதல்ல வேலையை முடிங்க. அடுத்த சீசனைப் பத்தி அப்புறம் பேசலாம்."

ரோட்ரி நெஸ்டாவின் பக்கம் திரும்பவேயில்லை. "இட்ரிஸ், கோட்டு நாற்காலியிலே" என்று மட்டும் சொன்னான். அது நெஸ்டாவுக்கு உறைக்கட்டும் என்று சொன்னது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வெல்ஷை மறுபடி எடுத்தார்கள். இட்ரிஸ் கேட்க வேண்டியதைக் கேட்டார். ஹெலெத் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "நாளைக்கு நான் பார்த்ததைச் சொல்லிடுவேன்" என்றாள். வசனம் அதேதான், சொன்னவள் வேறு. கெஞ்சல் இல்லை. இவ்வளவு வருஷம் கூட இருந்துவிட்டு என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே பாவி என்கிற எரிச்சல், கண் நிறையத் தண்ணீரோடு. கொஞ்சம் முன்னால் நெஸ்டா கத்திய குரலை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். இப்படித் திட்டிவிட்டுக் கோட்டு மாட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"கட்." ரோட்ரி பழக்கதோஷத்தில் நெஸ்டாவைப் பார்த்துவிட்டான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிலிப்பாதான் கேட்டாள். "மேட்ச் ஆகுதா?"

வெல்ஷில் என்ன மாறியது என்று பிலிப்பாவுக்கு விளங்கியிருக்க வழியில்லை. ஆகிறது என்று நெஸ்டா சொல்லியிருந்தால் அன்றைய நாள் அத்துடன் முடிந்திருக்கும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்து வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"கோட்டு ஆகுது" என்றாள் நெஸ்டா. "ஆள் ஆகலை. இங்கிலீஷ்ல கெஞ்சறா, இதுல கோபப்படறா. இதுதான் நல்லா இருக்கு. இங்கிலீஷையும் மாத்தி எடுக்கணும்."

அறை முழுவதும் ஒரு முனகல் எழுந்தது. இட்ரிஸ் நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டார். கேமராக்காரர் ஜன்னலைக் காட்டினார்; ஜன்னலில் வெளிச்சம் இல்லை. ஆக இங்கிலீஷில் அந்த இன்ஸ்பெக்டர் இன்றுவரை கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறாள். தொடர் வந்தபோது கெரைன்ட் இரண்டையும் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல அவ நல்ல பொண்ணாட்டம் இருக்கா. வெல்ஷ்ல உன்னாட்டம் இருக்கா" என்றான். பாராட்டா என்று நெஸ்டா கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று நெஸ்டாவின் கார் பட்டறையில் இருந்தது, மழையும் பிடித்திருந்தது. வழக்கம்போல ரோட்ரிதான் கொண்டுபோய் விட வேண்டும். கோபம் என்பதற்காக ஒரு பெண்ணை மழையில் விட்டுவிட்டுப் போகிற வளர்ப்பு இல்லை அவனுக்கு. அதனால் வண்டிக்குள் உட்கார்ந்து இருவரும் நிம்மதியாகப் பேசாமல் வந்தார்கள். மலைச்சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்து நின்றதும் அதுவும் கெட்டது.

"ஒரே ஒரு தடவை" என்றான் ரோட்ரி, முன்கண்ணாடியைப் பார்த்து. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை உனக்காக ஒண்ணு பண்ண வந்தேன். அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டே."

"நீயாத்தான் ஆனே."

"அந்தப் பிரிஸ்டல் பையன் வந்தா? கட் சொல்லிட்டு நான் யாரைப் பார்க்கறது? மென்பொருளையா?"

நெஸ்டா கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். ரோட்ரி அந்தக் கையை விலக்கினான்.

"நான் தப்புப் பண்ணியிருந்தா? போய்ச் சொல்லியிருப்பே?"

"சொல்லியிருப்பேன்."

"யோசிக்காம?"

"யோசிச்சு, வயிறெரிஞ்சு, உன்னை ஆசை தீரத் திட்டிட்டு, அப்புறம் போய்ச் சொல்லியிருப்பேன். உன்னைக் கூடவே இழுத்துட்டுப் போய்."

"பெரிய ஆறுதல்."

ஆடுகள் அவசரப்படவில்லை. நெஸ்டா அவன் பக்கம் பார்த்தாள். "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கே."

"எப்போலேருந்து?"

"காலையிலேருந்து."

"காலையிலேருந்தா! இப்பத்தான் சொல்றே?"

"நீ கேமராவுல வரலையே."

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்து மேலிருந்து போட ஆரம்பித்தான். சீட் பெல்ட்டுக்குள் கை வசப்படவில்லை. இரண்டாவதை மூன்றாவதன் ஓட்டையில் போட்டான், அங்கிருந்து கீழ்வரை எல்லாம் கோணல். போட்டு முடித்துவிட்டு, இப்போது சரியா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

நெஸ்டா தலையசைத்தாள்.