சர்க்கரை தூக்கலாக ஒரு டீ

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன், காலை எட்டு மணி. எத்தியோப்பியாவில் மூன்று வருடம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, ஆரம்பாக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். டீக்கடை அக்காவிடம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொல்லிவிட்டு, எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவைத் திறக்கிறேன். எத்தியோப்பியாவில் மாத்திரை நேரம் வந்தால் வகுப்புப் பிள்ளைகளே மேசையில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். பலர் வீட்டிலும் அதே டப்பா இருந்ததால் நான் எதையும் மறைத்ததில்லை.

"இன்னா மாத்திரம்மா?" என்கிறார் அக்கா.

"சுகருக்கு." ஊர் வந்ததுமே பொய்யும் வந்துவிடுகிறது.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்: "எங்க ஊட்டுக்காரரும் இருந்த வரைக்கும் இதே டப்பாவ வச்சிக்கினு சுகருன்னுதான் சொல்வாரு. டீல மட்டும் சக்கர தூக்கலா கேப்பாரு."

பிறகு, நான் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறார்.