ஆந்தைக் குஞ்சும் பேண்டேஜ் துணியும்

போன கோடை விடுமுறையில் நடந்தது இது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறி ஷெட். பேண்டேஜ் துணி நெய்கிறோம். மூன்றாம் வகுப்பு முடித்திருந்த என் மகளுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தங்கை ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். மாயப் பிராணிகளைப் பராமரிக்கும் ஒரு சிறுமியின் கதை. அன்றைக்கே எனக்குச் சனி பிடித்தது.

பல்லி குட்டி டிராகனாம், விரட்டக் கூடாதாம். குளியலறைத் தவளைக்கு என் வெள்ளிக் குங்குமச் சிமிழில் தண்ணீர். "ஏட்டி, அந்தப் புத்தகத்தை அடுப்புல போட்டுருவேன்" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒரு மதியம், ஷெட்டுக் கூரையிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளை முகம், புசுபுசுவென்று உடம்பு. "அம்மா, இது நிலா தேசத்துப் பறவை. மெத்தை வேணும்" என்றாள். தறியில் நூல் அறுந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டில் பால் வடிகட்ட, இட்லித் தட்டில் விரிக்க, மூக்கைத் துடைக்க எல்லாவற்றுக்கும் பேண்டேஜ் துணிதான். ஆளை விட்டால் போதும் என்று கழிவுத் துணி ஒன்றைச் சுருட்டிக் கூடைக்குள் போட்டேன்.

சற்று நேரத்தில் அழுதுகொண்டே ஓடி வந்தாள். "காலு கறுத்துப் போச்சும்மா." சல்லடை மாதிரியான அந்தத் துணியின் நூல் நகத்தில் மாட்டி, குஞ்சு உதற உதறக் காலை இறுக்கியிருந்தது. கத்தரியைக் கிட்டே கொண்டுபோனால் புஸ்ஸென்று சீறிக் கொத்த வந்தது.

"அதோட கண்ணை மூடும்மா. இருட்டாயிட்டா பயப்படாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"நீயும் உன் புத்தகமும்" என்று எரிந்து விழுந்தேன். வேறு வழியும் தெரியவில்லை. முந்தானையால் அதன் தலையை மூடினேன். அப்படியே அடங்கிவிட்டது. நூலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தேன். இந்தக் கால் போய்விட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே பயம். கடைசி நூலை வெட்டியதும் குஞ்சின் கால்விரல்கள் மெல்ல விரிந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன.

வளர்க்கலாம் என்று அடம் பிடிப்பாள் என நினைத்தேன். "அதோட அம்மா தேடும். பொழுது சாயுறதுக்குள்ள மேல வச்சிரணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளே சொன்னாள். "ஆந்தைக்கு ஏணி போடுத மொத ஆளு நானாத்தான் இருப்பேன்" என்று முனகியபடி என் கணவர் ஏறினார். பொழுது சாய்ந்ததும் தாய் ஆந்தை சத்தமில்லாமல் வந்து இறங்கியது. நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பல்லியை டிராகன் என்று இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யாராவது ஒன்று கேட்டு வந்து, ஆளை விட்டால் போதும் என்று நான் எதையாவது எடுத்து நீட்டப் போகும்போதெல்லாம் அந்தக் கறுத்த கால் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒரு நிமிடம் நின்று, வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.