நாற்பத்தொன்றாவது கடிதம்

“மீன்கூடை தூக்குற வீட்டுப் பொண்ணு. பிரெஞ்சுக் காயிதத்த நீயா படிக்கப் போற?”

காரைக்கால் பெரிய வீட்டு மதாம் பல வருடங்களுக்கு முன் என்னிடம் கேட்டது. போன வாரம் துணிக்கடையில் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியதும் நினைவுக்கு வந்தது. அவர் வீட்டு இரும்புப் பெட்டியிலும் அதே வாசம்தான். கல்லூரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது: பெட்டியில் இருந்த கடிதங்களைப் படித்து, எண் போட்டு, பட்டியல் எழுதுவது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிரெஞ்சை ஏன் எடுத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வகுப்பறையில்தான் மின்விசிறி சுற்றியது. என்ன மதிப்பெண் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

மதாமிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, “போன்ழூர்” இருந்தது. வாசிக்கத்தான் வராது. தாத்தாவுக்கு வந்த கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊரைக் கூட்டிக் காட்ட ஆசை. எழுதியவர் ஏதோ ஒரு பிரெஞ்சுத் தீவிலிருந்து பாரீஸ் நாடாளுமன்றத்துக்குப் போன கறுப்பினத்தவர். தான் பேச எழுந்தால் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்ளும் சக உறுப்பினர்களைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருந்தார். காரைக்காலுக்கும் ஒருமுறை வந்து இந்த வீட்டில் தங்கியிருக்கிறார்.

“அந்தக் காலத்துலயே எங்க தாத்தா கறுப்பரோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவரு, தெரியுமா?” என்பார் மதாம். எனக்குத் தேநீர் கொல்லைப்பக்கம் வரும், எனக்கென்று ஒதுக்கிய தம்ளரில். கழுவிக் கவிழ்ப்பதும் நான்தான்.

நாற்பத்தொன்றாவது கடிதத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். என் புத்தி அவ்வளவுதான். எங்கள் மீனவக் குப்பமான பட்டினச்சேரியின் பெண் ஒருத்தி மீனோடு முன்வாசலுக்கு வந்ததையும், கொல்லைக்கு விரட்டப்பட்டதையும் விருந்தாளி மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். ‘இது நிறம் அல்ல, வழக்கம் என்றீர்கள். என்னை வெளியே நிறுத்தியவர்களும் அதையேதான் சொன்னார்கள்’ என்று எழுதி, அவள் இப்போது எந்த வாசலில் நிற்கிறாள் என்று கேட்டிருந்தார்.

“இது வேணாம். எடுத்துரு.”

“எடுத்தா நடுவுல எண் விட்டுப்போவுங்க, மதாம்.”

“எண்ண மாத்து. ஒனக்கென்ன வந்துச்சு?”

“ஒங்க தாத்தா இதுக்கு என்ன பதில் எழுதுனாங்க?”

“நீ எழுத வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?”

தாத்தா தன் பதிலுக்கெல்லாம் கார்பன் நகல் வைத்திருந்தவர். விருந்தாளியின் மூட்டுவலிக்குத் தைலம் சொல்லி மூன்று பக்கம். இதற்கு ஒரு வரிகூட இல்லை. என்ன நட்போ.

எண்ணை நான் மாற்றவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். கடிதங்களைக் காட்டும் விழாவுக்கு அழைப்பில்லாமலே போனேன், முன்வாசல் வழியாக. கண்ணாடிக்குள் நாற்பத்தொன்று என்ற சீட்டு, மாம்பழத்துக்கு நன்றி சொன்ன கடிதத்தின்மேல் இருந்தது. ஊரே குனிந்து பார்த்து மெச்சியது.

இப்போது அந்த வீடு இல்லை. அங்கே கார்கள் நிற்கின்றன. மதாம் மகனோடு பிரான்சில். பெட்டி என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஆனால் அந்தத் தீவின் ஆவணக் காப்பகம் கடிதம் எழுதியவரின் காகிதங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அவரும் நகல் வைத்திருந்திருக்கிறார். அந்த நாற்பத்தொன்றாவது கடிதம் முழுதாக இருக்கிறது. கீழே ஒரு குறிப்பு: ‘பதில் கிடைக்கவில்லை.’

பெட்டியிலிருந்த நகல்கள் அத்தனையையும் எண்ணியவள் நான், பதில் எழுதப்படவே இல்லை என்று பிரெஞ்சில் எழுதி, என் பெயரும் பட்டினச்சேரி முகவரியும் போட்டு, நேற்று காப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.