ரேடியோவுக்கு வச்சிருந்த பேரு

வேலைக்குப் போய்க்கிட்டே சமூகப்பணியில பகுதி நேரமா டாக்டர் பட்டம் படிக்கிறேன். அந்த ஆய்வுக்காக இன்னைக்கு யான்ங்கிற ஊர்ல ஓர் அக்காவைப் பேட்டி எடுத்தேன். எண்பதுகள்ல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவங்க.

முடிச்சதும், "ஆய்வுல உங்க பேரு வராதுக்கா. வேற ஒரு பேரு சொல்லுங்க"ன்னேன்.

அக்கா சன்னல் வழியா வயலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"எனக்கு ஏற்கெனவே ஒன்னு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னால ரேடியோவுக்குப் பாட்டு கேட்டு எழுதிப் போடுவேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு பொய்ப் பேருல. ரேடியோவுல அந்தப் பேரையும் நம்ம தோட்டத்துப் பேரையும் சேர்த்து வாசிக்கிறப்ப, ஒன்னும் தெரியாத மாதிரி அவருக்குச் சோறு போட்டுக்கிட்டு நிப்பேன்."

அதைச் சொல்றப்ப அக்காவுக்குப் பதினெட்டு வயசுதான்.

மெதுவா அந்தப் பேரைச் சொன்னாங்க.

மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு உள்ள வந்த அவங்க வீட்டுக்கார அண்ணன் வாசல்லயே நின்னுட்டாரு.

"அது நீயா? அந்தப் பொண்ணு யாருன்னு தோட்டத்து லயம் லயமா, வீடு வீடா தேடினேன்லா."

"கிடைக்கலைன்னுதானே என்னைக் கட்டிக்கிட்டீங்க."

அண்ணனைப் பத்தி அக்கா ஒரு மணி நேரமா சொன்னதெல்லாம் அந்தப் பேருலதான் வந்திருக்கணும். இனி முடியாது, அண்ணனுக்கு அந்தப் பேரு தெரிஞ்சு போச்சு.

இதைப் படிக்கிறவங்க நல்ல பேரா ஒன்னு சொல்லுங்க. அண்ணன் தேடாத பேரா இருக்கட்டும்.